தீவார் சொல்லும் விஞ்ஞானியர் நூலும்

தீவுகளில் வாழும் ஆதிக்குடிகளை அங்கு நடைபெறும் விஞ்ஞான ஆராய்ச்சிகளிற் பங்காளராக்கல் வேண்டும் என்றும், அதற்கு முதற்படியாக விஞ்ஞானிகளுக்கும் அக்குடிகளுக்கும் இடையேயுள்ள தொடர்பு சீர்ப்படல் வேண்டும் என்றும் இக்காலத்திற் பலரும் கூறக் கேட்கிறோம். இக்கூற்றை மறுப்பார் யாருமிலர். மறுப்பார் இன்மையே அதனைச் சற்று ஐயத்துடன் நோக்குமாறு நம்மைத் தூண்டுகிறது. தொடர்பு என்னும் சொல்லுக்கு இவர்கள் கொள்ளும் பொருள் யாது? பெரும்பாலும், ஆராய்ந்து கண்ட முடிபை எளிய சொல்லில், படங்களுடன், அம்மக்களின் தாய்மொழியில் எடுத்துரைத்தல் என்பதே. வகுப்பறையில் நாள்தோறும் நின்று பேசும் தொழிலுடையார்க்கு இப்பொருளின் குறை விரைவிற் புலப்படும். எடுத்துரைத்தல் எளிது. எதிரே இருப்பவன் எதனை அறிய விரும்புகிறான் என்பதை அறிதலே அரிது.

இதனைப் பொதுப்படப் பேசிக்கொண்டிருத்தலினும் நூல்களை வைத்து நோக்குதல் நன்று. தீவு மக்களைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய மூன்று நூல்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். அந்நூல்களிலே தீவார் எந்த உருவில் இடம்பெறுகின்றனர் என்பதே நம் விசாரணை. நூல்களை எழுதினோரின் நல்லெண்ணம் பற்றி ஈண்டு ஆராய வேண்டியதில்லை. நல்லெண்ணம் மூன்றிலும் உண்டு எனவே வைத்துக்கொள்வோம்.

அவுஸ்திரேலியாவின் வடமுனைக்கும் நியூகினித் தீவுக்கும் இடையே கிடப்பது ரொறெஸ் நீரிணை. 1888ஆம் ஆண்டில் அல்பிரட் ஹடன் என்னும் ஆங்கிலேயர் அங்குள்ள பவளப்பார்களையும் அவற்றில் வாழும் உயிர்களையும் ஆராய விலங்கியலாளராகச் சென்றார். சென்றவர், பவளத்தினும் அங்கு வாழ்ந்த மனிதரே தம் கருத்தைக் கவரக் கண்டார். பத்தாண்டு கழித்து, 1898இல், கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அறுவரை உடன்கொண்டு மீண்டும் அங்கே சென்றார். அப்பயணத்தின் பயனாக 1901 முதல் 1935 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. மானிடவியல் கற்போர் இன்றும் அவற்றைப் போற்றுவர்.

அவற்றுள் இரண்டாந் தொகுதி உடற்றொழிலும் உளவியலும் பற்றியது. உடன்சென்ற றிவேர்ஸ் என்னும் மருத்துவர், மேர் என்னும் தீவின் மக்களுக்குப் பல நிறக் கம்பளி நூல்களைக் காட்டி, நிறங்களின் பெயரைக் கேட்டும், ஒத்த நிறங்களைப் பொருத்தச் செய்தும் அவர்தம் கட்புலனைச் சோதித்தார். நீலத்திற்கு அவர்களிடம் தெளிவான தனிச்சொல் இல்லை. ஆங்கிலச் சொல்லையே இரட்டித்துப் ‘புளு புளு’ என்றனர். இதனையும் பிற சோதனைகளையும் கொண்டு, நீலநிறத்தை உணரும் ஆற்றல் அவர்க்கு ஐரோப்பியரினும் ஓரளவு குறைவு என்னும் கருத்துக்கு றிவேர்ஸ் வந்தார். 1916இல் ரிச்சனர் என்னும் உளவியலாளர் அச்சோதனைகளின் முறையையே கடுமையாகத் தாக்கி எழுதினார். சொல் இல்லாமையைக் கண்ணின் குறையாகக் கொள்வது எத்துணை வழுவுடைத்து என்பது தமிழ் கற்றார்க்கு விளக்க வேண்டுவதன்று. நம் புலவர்கள் திருமாலின் மேனியைக் கருமை என்றும், நீலம் என்றும், பச்சை என்றும் தயக்கமின்றிப் பாடினர். கம்பளி நூலுடன் ஒருவர் அவர்களிடம் வந்திருப்பின் யாது முடிபு எழுதியிருப்பாரோ? இது வெறும் நகையன்று. இதே றிவேர்ஸ், மேர்த் தீவின் பணி முடிந்து சில ஆண்டுகளில், நீலகிரித் தோடரிடையேயும் புலனுணர்ச்சிச் சோதனைகளை நடத்தினார்.

மேர் மக்கள் இச்சோதனைகளில் ஒத்துழைத்தனர். பொறுமையுடன் வந்து அமர்ந்தனர். ஆயின் நிறத்தைப் பற்றி அறிய வேண்டும் என்னும் கேள்வி அவர்களுடையதன்று. அத்தொகுதியில் அவர்கள் அட்டவணைகளின் நிரல்களாகவே நிற்கின்றனர். அவ்வட்டவணைகளால் அவர்க்கோ அவர் பிள்ளைகளுக்கோ விளைந்த பயன் யாதும் இல்லை.

ஆறாந் தொகுதியின் கதை வேறு. அதுவே இந்நூல் வரிசையை இன்றும் உயிருள்ளதாக வைத்திருக்கிறது. ஒருவன் சோதனையில் நன்கு தேறின், அவன் உறவினரும் அங்ஙனம் தேறுகின்றனரா என்று காணும் பொருட்டு, தீவின் குடும்பங்களின் கால்வழியை றிவேர்ஸ் எழுதிக்கொண்டார். இன்னாரின் தந்தை இன்னார், அவர் மணந்தது இன்னாரை, மக்கள் இன்னின்னார் எனப் பெயர் பெயராகக் கேட்டெழுதினார். இக்கால்வழிப் பட்டியல்களும், நிலத்தின் உரிமையும் அது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வழக்கும் பற்றிய குறிப்புகளும் 1908இல் ஆறாந் தொகுதியாக அச்சேறின. ஹடனுக்குச் செய்தி கூறியோருள் பாசி என்பவர் ஒருவர்; மேரை அடுத்த டவார் என்னும் சிறு தீவின் தலைவர். அவர் தம் குலத்தின் மரபுக் கதையைத் தம் மெரியம் மொழியிலே தம் கையால் எழுதிக் கொடுத்தார். வாயாற் சொல்லிப் பிறரை எழுதவிடாது தாமே எழுதிய அச்செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தீவுகளைக் குயின்ஸ்லாந்து அரசு 1879இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிலம் முழுவதும் முடிக்குரியது, மேர் மக்களுக்கு அதில் உரிமை இல்லை என்பது அரசின் கொள்கை. 1982இல் எடி மாபோ முதலிய ஐவர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். ஐவருள் இருவரின் குடும்பப்பெயர் பாசி என்பது கருதற்பாலது. பத்தாண்டு நடந்த அவ்வழக்கிலே கேம்பிறிட்ஜ்த் தொகுதிகள் சான்றாக ஆராயப்பட்டன. கண்ணைச் சோதிக்கத் துணையாக எழுதிய கால்வழிப் பட்டியல்கள், நிலத்துக்கு உரியார் யாவர் என்பதை ஆராய உதவும் ஏடுகளாயின. 1992ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மேர் மக்களின் உரிமையை ஏற்றது. ஆட்குடியற்ற நிலம் எனக் கருதி நாட்டைக் கைப்பற்றிய பழைய கோட்பாடு அத்துடன் வீழ்ந்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிருடன் இலர். அவ்வாண்டு சனவரியிலேயே மறைந்தார்.

இதனைக் கண்டு விஞ்ஞானத்தின் கொடை என்று மகிழ்ந்து நின்றுவிடலாம். நான் அங்ஙனம் நிற்க ஒருப்படேன். அதே வழக்கிலே மாபோ தம் பாட்டனார் தமக்குக் கூறியதை மன்றில் உரைத்தபோது, அது கேள்விச் சான்று எனப் பலமுறை ஆட்சேபிக்கப்பட்டது. பேரன் வாயிலாக வந்த சொல் கேள்வி; ஆங்கிலேயர் 1898இல் அதே தீவாரிடம் கேட்டெழுதிய சொல் ஆவணம். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தனவே. ஆயினும் ஒன்று சிலருடைய கையாற் கடந்து வந்தமையால் மதிப்புப் பெற்றது. ஆதிக்குடிகளுடன் தொடர்பு என்று நாம் பேசுவதில் மறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வை இதனினும் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் கண்டிலேன்.

போகிற போக்கில் ஒன்று. அவ்வறுவருள் ஒருவரான செலிக்மன், தம் மனைவியாருடன் நம் இலங்கைக்கு வந்து, வேடரை ஆராய்ந்து, 1911இல் வேடர் என்னும் பெயராலேயே பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கால்வழி எழுதும் முறையை இங்கும் கையாண்டார். கீழைக் கரையிலே தமிழ் பேசி வாழ்ந்த கடற்கரை வேடரைப் பற்றியும் அதில் எழுதியுள்ளார். அந்நூலில் உள்ள தம் முன்னோரின் பெயர்களைக் கீழ்மாகாணத்துச் சிற்றூர்களில் இன்று வாழும் அவர் வழியினர் தமிழில் வாசிக்க வேண்டின் எங்கே வாசிப்பர்? இக்கேள்வியை நம்முள் எவரும் பெரிதாக எழுப்பியதாகத் தெரியவில்லை.

இரண்டாவதாக நாம் எடுக்கும் நூல், செய்தித் தொடர்பையே நோக்கமாகக் கொண்டு இயற்றப்பட்டது. ஆதலின் நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. அதனை மதிப்பிடுமுன் அது தோன்றிய வரலாற்றைக் கூறியே ஆகவேண்டும்.

1954ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் அதிகாலையில், மாசல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினியில் ஐக்கிய அமெரிக்கா ஐதரசன் குண்டு ஒன்றை வெடித்தது. அதன் வலிமை 15 மெகாதொன். ஹிரோசிமாவில் வீழ்ந்ததனை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விஞ்சியது. அங்கிருந்து சுமார் 100 மைல் கிழக்கே உள்ள ரொங்கலாப் தீவில், சில மணி நேரத்தின் பின் வானத்திலிருந்து வெண்பொடி பெய்தது. பொடிந்த பவளச் சாம்பல் அது. முன்னறிவித்தல் இல்லை. குழந்தைகள் அதில் விளையாடினர். மூன்றாம் நாளன்றே மக்கள் கப்பலில் அகற்றப்பட்டனர். ரொங்கலாப்பில் 64 பேரும், அண்மையிலுள்ள ஐலிங்கினேயில் தங்கியிருந்த 18 பேரும் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அகற்றிய சில நாளிலேயே அவர்களது உடல்நிலையை ஆராயும் திட்டம் தொடங்கியது. அதற்குத் திட்டம் 4.1 என்று பெயர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண் எழுதிய பலகையுடன் அவர்கள் படமெடுக்கப்பட்டனர்.

1957இல் அவர்களை மீண்டும் ரொங்கலாப்பிற் குடியேற்றினர். புறூக்ஹேவன் ஆராய்ச்சி நிலையத்து மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து சோதித்துச் சென்றனர். அத்தீவில் இம்மக்கள் வாழ்வது, மனிதர்மீது கதிர்வீச்சின் விளைவை அறிய மிக மதிப்புள்ள தகவலைத் தரும் என்று அம்மருத்துவரின் 1958ஆம் ஆண்டு அறிக்கையே கூறியது. 1963 முதல் தைரொயிட்டுச் சுரப்பியிற் கட்டிகள் தோன்றலாயின. தென்னை நண்டை உண்ணற்க என்றனர்; ஏன் என்று மக்கள் உணரும் வகையிற் கூறினாரில்லை. கூவைக்கிழங்கை உண்டால் வாய் எரிகிறது என்று மக்கள் கூறினர். இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்றனர். முடிபு திரும்பி வரவில்லை.

இவ்விடத்தில் ஒரு கடிதத்தைக் குறிப்பிடல் வேண்டும். 1975ஆம் ஆண்டு ஏப்பிரலில் ரொங்கலாப்பின் தலைவருள் ஒருவரான நெல்சன் அன்ஜயின், ஆராய்ச்சிக் குழுவின் தலைமை மருத்துவருக்கு எழுதியது அது. உமது தொழில் வாழ்வு முழுவதும் எம் நோயின்மீதே கட்டப்பட்டது. உமக்கு நாம் பயன்படுமளவு நீர் எமக்குப் பயன்பட்டிலீர். எமக்கு உயிரே பெரிது, உமக்கோ தகவலும் எண்ணும் பெரியன. ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் ஆராய்ச்சியாளர் வேண்டா, எம்முடன் இருந்து எம்மைக் கவனிக்கும் மருத்துவர் வேண்டும் என்பன அதன் சாரம். ரொங்கலாப் பற்றிய அறிக்கைகள் பல. அவை அனைத்துள்ளும் மிகச் சிறந்த திறனாய்வு இக்கடிதமே என்பது என் கருத்து. ஆராய்ச்சியின் முடிபு ஒன்றையும் அவர் மறுக்கவில்லை. ஆராய்ச்சியின் கேள்வி யாருடையது என்பதையே மறுக்கிறார்.

இக்கடிதத்தின் பின், 1982இல், அமெரிக்க எரிசத்தித் திணைக்களம் ஒரு நூலை வெளியிட்டது. 1978இல் வடபகுதித் தீவுகளில் நடந்த கதிர்வீச்சு அளவையின் முடிபுகளை மக்களுக்கு உரைக்க எழுந்த நூல் அது. மாசல் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே அச்சிட்டனர், படங்களும் உண்டு. அளவை நடந்த வடதீவுகளுக்குக் கதிர்வீச்சின் பொருள் யாது என்பதே அதன் தலைப்பின் கருத்து. தாய்மொழியில், எளிய நடையில், படத்துடன்: நாம் மேலே கண்ட தொடர்பு பற்றிய கொள்கை கேட்பன யாவும் அந்நூலில் உள. மாசல் மொழியை நான் அறியேன். ஆங்கிலப் பகுதியை மட்டுமே கொண்டு பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நூல் சொல்லும் முறையிற் பொய் இல்லை. அணுவென்றால் என்ன, கதிர்வீச்சு எங்ஙனம் உடலுட் செல்லும் என்பதெல்லாம் பொறுமையுடன் விளக்கப்படுகின்றன. தீவு தீவாக அளவு தரப்படுகிறது. பிற்காலத்திற் புற்றுநோயால் இறக்கக்கூடியோர் தொகையும் எண்ணால் மதிப்பிடப்படுகிறது. ஆயின் ரொங்கலாப் தாயொருத்தியின் கேள்வி, எத்தனை பேர் என்பதன்று. என் பிள்ளையை இங்கே வளர்க்கலாமா என்பதே. விஞ்ஞானி தொகையைச் சொல்வான், தொகைக்கு முகமில்லை. 28 ஆண்டு பெற்ற அனுபவத்தை, தாம் ஈன்ற பிள்ளைகளை, தம் கழுத்திலுள்ள தழும்பை உடன்வைத்து அம்மக்கள் நூலை வாசித்தனர். தலைப்பிலே பொருள் என்னும் சொல் நிற்கிறது. அப்பொருளை எழுதியோர் வேறோரிடத்தில் இருந்து முடிவு செய்துவிட்டனர். வாசித்தோர் வேறு பொருள் கொண்டனர். தம் தீவு அவ்வட்டவணைகளில் நிற்கும் இடத்தைக் கண்டு, இங்கே இருத்தல் தகாது என்று துணிந்தனர். 1985ஆம் ஆண்டு மே மாதத்தில், அரசு இசையாதபோதும், றெயின்போ வொறியர் என்னும் கப்பலில் 300க்கு மேற்பட்டோர் வீடுகளைப் பிரித்து மரத்தையும் ஏற்றிக்கொண்டு குவாஜலின் பவளத்தீவைச் சேர்ந்த மெஜாத்தோவுக்குச் சென்றனர்.

தொடர்பின் தோல்வி என்று இதனை எழுதுவோர் உளர். எளிய நடை போதவில்லை, மொழிபெயர்ப்புச் சரியில்லை, இன்னும் நல்ல படம் வேண்டியிருந்தது என்பர். எனக்கு அது தோல்வியாகத் தோன்றவில்லை. முதன்முறையாக எண்கள் அவர்கள் கைக்கு அவர்கள் மொழியில் வந்தன. அவற்றை வைத்துத் தாமே ஒரு முடிவு செய்தனர். ஆசிரியர் எதிர்பார்த்த விடையை மாணவன் எழுதாவிடின் அவன் பாடத்தை விளங்கவில்லை என்று கொள்வது நம் தொழிலிலும் உள்ள பழைய பிழை.

சொல்லின் இடர் பற்றி இன்னும் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு நவம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தின் முன் ரொங்கலாப்பைச் சேர்ந்த லிஜொன் எக்னிலாங் என்னும் பெண்மணி சாட்சி உரைத்தார். வெடிப்பின் பின் பிறந்த சில பிறவிகளைக் குழந்தை என்று சொல்ல இயலாதாயிற்று என்றும், அத்தகைய பிறவி அதற்குமுன் நிகழாமையால் அவற்றுக்கு மாசல் மொழியிற் சொல்லே இல்லை என்றும், ஆதலிற் பெண்கள் ஆமை, சாக்குக் கணவாய் எனத் தாம் அறிந்த பொருள்களின் பெயரால் அவற்றைக் குறித்தனர் என்றும் கூறினார். நீலத்துக்குச் சொல் இல்லை என்பதைக் குறையாக எழுதிய ஏட்டுக்கும், சொல் இல்லாமையை இப்பெண்மணி எடுத்துக்காட்டிய சாட்சியத்துக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நூலுக்கு வருவோம். றொபேட் ஜொகானஸ் என்பார் கடலுயிரியலாளர். 1970களிற் பசுபிக் சமுத்திரத்தின் மேற்பகுதியிலுள்ள பலாவு தீவுகளுக்குச் சென்று அங்குள்ள மீனவரிடம் மீனைப் பற்றிக் கேட்டறிந்தார். அதன் பயனாக 1981இல் வெளிவந்த நூலின் தலைப்பை, களப்பின் சொற்கள் என நாம் தமிழிற் கூறலாம். தம் துறையில் வழக்கமான முறையில் 15 ஆண்டு உழைத்துப் பெற்றதனினும் மிகுதியான புதுச்செய்தியை இம்முறையால் 16 மாதத்திற் பெற்றதாக அவர் எழுதுகிறார். மிகைப்படக் கூறும் இயல்புடைய நூலன்று அது. ஆதலின் இக்கூற்றை நாம் கருத்துடன் கொள்ளல் வேண்டும்.

அவருக்கு ஆசானாக அமைந்தோருள் தலைசிறந்தவர் நிராக்ளாங் என்னும் முதியவர்; 1894இற் பிறந்தவர். எம்மீன் எத்திங்களில், பிறையின் எந்நாளில், பாரின் எவ்விடத்திற் கூடி முட்டையிடும் என்பது அவர்க்கு மனப்பாடம். பலாவு மீனவர் வாயிலாக ஜொகானஸ் அறிந்த, திங்களின் தேய்வு வளர்ச்சியைப் பின்பற்றி முட்டையிடும் மீன்களின் தொகை, அதுவரை உலகம் முழுவதையும் பற்றி விஞ்ஞான நூல்களில் எழுதப்பட்டிருந்த தொகையைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டது. கலவாய் இன மீன்கள் சில, ஆண்டின் குறித்த மாதங்களில், அமாவாசையை நோக்கிய நாட்களில், பாரை ஊடறுக்கும் கால்வாய்களிற் பெருந்திரளாகக் கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றும் பெருக்கும் வலுத்திருக்கும். வற்றுநீர் முட்டைகளைப் பாரிலுள்ள பசித்த வாய்களுக்குத் தப்பவைத்து ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும். காரணத்தை விளக்கியவர் விஞ்ஞானி. நாளையும் இடத்தையும் அறிந்தவர் மீனவர். இரண்டும் சேர்ந்தே அறிவாயிற்று. நம் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இது வியப்பளிக்காது. கற்றவர் ஒருவர் கடலோரத்தில் இருந்து கேட்டார் என்பதே வியப்பு.

இந்நூலில் நான் மிகவும் இரசித்தது ஜொகானஸ் தம் ஆசான்களைத் தேர்ந்த முறை. யாவரும் அறிஞராதல் இல்லை. கரையிலும் வாய்ப்பந்தல் இடுவோர் உளர். ஆதலின் அவர் இருவகை வினாக்களைக் கேட்டார். ஒன்று, தமக்கு விடை முன்னரே தெரிந்தது. மற்றது, கேட்பதற்குப் பொருத்தமாய்த் தோன்றினும் எம்மீனவரும் அறிந்திருக்க இயலாதது. இரண்டாவதற்கு விடை சொன்னவரைவிட, தெரியாது என்று சொன்னவரையே அவர் நம்பினார். பரீட்சை வினா ஆக்குவோர் யாவரும் கற்கவேண்டிய நுட்பம் இது. தெரியாது என்று எழுதும் மாணவனுக்கு நாம் பூச்சியம் இடுகிறோம்.

இங்கேதான் என் மறுப்பும் எழுகிறது. ஜொகானஸ் மீனவரைச் சோதித்தார்; மீனவர் ஜொகானசைச் சோதித்தது எங்ஙனம்? இவர் தெரியாததைத் தெரியாது என்பாரா, கொண்டுபோவதைத் திருப்பித் தருவாரா என்று நிராக்ளாங்கும் மனத்துள் வினாத்தாள் ஒன்று வைத்திருந்திருப்பார் என்றே நான் கருதுகிறேன். மீன் பிடிப்பதையே வாழ்வாகக் கொண்ட முதியவர், தம் குடும்பத்தின் சொத்தான அறிவைப் புதியவர் ஒருவர்க்குக் காரணமின்றி உரைத்திருக்க மாட்டார். அந்த விசாரணை எங்ஙனம் நடந்தது என்பதற்கு நூலில் ஓர் அதிகாரம் இருந்திருப்பின், தொடர்பு என்னும் பொருளுக்கு அதுவே இலக்கணமாகியிருக்கும். அன்றியும், மீன் கூடும் நாளையும் இடத்தையும் எழுதி வெளியிடுதல் இருமுனைக் கத்தி. காக்க விரும்புவோன் படிக்கும் அதே பக்கத்தைக் கொள்ளையிட விரும்புவோனும் படிக்கலாம். மீன் கூடும் இடங்களை ஆராய்வோர் இன்று சரியான இடத்தை மறைத்து எழுதும் வழக்கம் உண்டு. அறிவை மறைத்தலும் சிலவேளை அறிவுடைமையாகிறது.

இக்குறைகள் இருப்பினும் முன்னைய இரு நூல்களினும் இஃது உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நிராக்ளாங் இங்கே அட்டவணையின் நிரல் அல்லர், எண் அல்லர். பெயருடன், கருத்துடன் பேசுகிறார். பலாவுத் தலைவர்கள் பாரின் ஒரு பகுதியைக் குறித்த காலத்துக்கு மூடிவைக்கும் தடையை அவர்கள் மொழியில் ‘புல்’ என்பர். மேனாட்டார் அண்மையிற் கண்டதாகப் பெருமை கொள்ளும் மீன்வளக் காப்பு முறைகளுட் பெரும்பாலானவை பசுபிக் தீவுகளிற் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கிலிருந்தன என்பதை ஜொகானஸ் 1978இலேயே எழுதினார். பணமும் ஏற்றுமதியும் வந்தபின் அவை எங்ஙனம் நலிந்தன என்பதையும் மறைக்கவில்லை. 1994இற் பலாவு தன்னாட்சி பெற்ற அதே ஆண்டில் ஒரு சட்டம் ஆக்கியது. கலவாய் இனங்கள் சிலவற்றை அவை முட்டையிடும் மாதங்களிற் பிடித்தலும் விற்றலும் அதனால் தடைசெய்யப்பட்டன. இதனை ஜொகானசின் நூலுக்கு வந்த வெற்றி என்று எழுதுவோர் பிழை செய்கின்றனர். பழைய தடையே புதிய எழுத்தில் வந்தது. நூல், தீவாரின் சொல்லைச் சட்டம் எழுதுவோர் செவிகொடுக்கும் மொழியில் ஒருமுறை சொல்லிவைத்தது. அவ்வளவே அதன் பங்கு. அப்பங்கு சிறிதன்று. பின்னர் 1998இல், ஆயிரக்கணக்கான சிறு பார்களிலே மீன் தொகையை எண்ணி முடிக்கும்வரை காத்திருத்தல் ஆகாது, மீனவர் அறிவைக்கொண்டே பரிபாலித்தல் வேண்டும் என்று அவர் வாதாடினார். 2002இல் மறைந்தார்.

இம்மூன்றுக்கும் பிற்பட்ட நூல் ஒன்றையும் சொல்லி முடிக்கலாம். சொலமன் தீவுகளைச் சேர்ந்த மரோவோ களப்பைப் பற்றி நோர்வே நாட்டு மானிடவியலாளரான எட்வாட் ஹ்விடிங் தொகுத்த கலைக்களஞ்சியம் 2005இல் யுனெஸ்கோ வாயிலாக வெளிவந்தது. பாருக்கும் கடலுக்கும் காட்டுக்கும் உரிய மரோவோச் சொற்களே அதன் தலைச்சொற்கள். விளக்கம் மரோவோ மொழியிலும் ஆங்கிலத்திலும் தரப்பட்டுள்ளது. அதனைக் களப்போரப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்று, பிள்ளைகள் தம் வீட்டு முதியோரிடம் மேலும் கேட்டுத் தம் மொழியிலே எழுதும் முயற்சியும் நடந்தது. அப்பிள்ளைகள் எழுதியவற்றை நான் பார்த்ததில்லை. எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும், ஒரு மீனுக்கு மூன்று பெயரும் மூன்று கதையும் இருக்கும், ஒரு கிழவர் சொன்னதை அடுத்த வீட்டுக் கிழவர் மறுத்திருப்பார். அவ்வேடுகளைத் திருத்தும் வாய்ப்புப் பெற்ற ஆசிரியர்மீது எனக்குச் சிறிது பொறாமை உண்டு.